ஒரு சம்மதம், இரண்டு சட்ட நூல்கள்

கருங்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கல்யாணம். மணமக்கள் எந்த நொடியில் கணவன் மனைவி ஆகிறார்கள்? கோயிலில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் தாலி கட்டும் நேரத்தைச் சொல்வார்கள். வீடியோக்காரரும் அதை நம்பித்தான் அந்த நேரத்தில் முண்டியடித்து முன்னால் போகிறார். திருச்சபைச் சட்டத்தைக் கேட்டால், அதற்குச் சற்று முன்பே காரியம் முடிந்துவிட்டது என்கிறது. இருவரும் மாறி மாறிச் சம்மதம் சொல்லி முடித்ததுமே திருமணம் உண்டாகிவிட்டது. மோதிரத்தைக் காரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாலும் குறையொன்றுமில்லை.

லத்தீன் வழிபாட்டு முறையில் அப்படி. இதே பகுதியிலுள்ள சீரோ மலங்கரைக் கோயிலில் கேட்டால் விடை மாறும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரே நிலத்தின்மேல் மூன்று கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இருக்கின்றன. லத்தீன் முறைக்குக் குழித்துறை. அது 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. சீரோ மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம், சீரோ மலபார் முறைக்குத் தக்கலை. இரண்டும் 1996-இல் வந்தவை. மூன்றுக்கும் தலைவர் ஒரே போப்பாண்டவர். சட்ட நூல் மட்டும் இரண்டு. லத்தீன் நூல் 1983-இல் வெளியானது. அதில் 1752 விதிகள், அவற்றில் 111 திருமணத்துக்கு. மலங்கரையும் மலபாரும் ‘கீழைத் திருச்சபைகள்’ என்ற வகையில் சேரும். அவற்றுக்கு 1990-இல் வெளியான தனி நூல். பெரும்பாலான இடங்களில் இரண்டு நூல்களும் ஒன்றையே சொல்கின்றன. வேறுபடும் இடங்களில்தான் வேடிக்கை இருக்கிறது.

முதலில் இரண்டுக்கும் பொதுவான கரு. திருமணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம்; வேறு எந்த மனித அதிகாரமும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார் என்பதோ, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று என்பதோ, ஆயர் நேரில் வந்து ஆசி தந்தார் என்பதோ அதற்கு ஈடாகாது. சாதியும் சொந்தமும் பேசி முடிக்கும் நம் ஊரில் இது எவ்வளவு துணிச்சலான விதி என்பது யோசித்தால்தான் தெரியும்.

இந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோனியாவைச் சேர்ந்த கிராத்தியன், சம்மதத்தில் தொடங்கும் திருமணம் தாம்பத்தியத்தில்தான் நிறைவடைகிறது என்றார். பாரிஸில் பீட்டர் லோம்பார்டு, சம்மதம் மட்டுமே போதும் என்றார். போப் மூன்றாம் அலெக்சாந்தர் வழக்கை நுட்பமாகத் தீர்த்தார். திருமணத்தை உண்டாக்குவது சம்மதம்; அதைப் பிரிக்க முடியாததாக்குவது தாம்பத்தியம். அந்தத் தீர்ப்பின் மிச்சம் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. கோயிலில் முறையாக நடந்து, பிறகு தாம்பத்தியம் நிகழவே இல்லை என்று நிரூபிக்கப்படும் திருமணத்தை, தகுந்த காரணம் இருந்தால் போப்பாண்டவர் கலைக்கலாம்.

சம்மதம் மட்டுமே போதும் என்று விட்டதில் ஒரு தொல்லையும் முளைத்தது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் குருவும் சாட்சியும் இல்லாமல், தோட்டத்திலோ சமையலறையிலோ இருவர் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சம்மதமும் செல்லுபடியான திருமணமாகவே இருந்தது. மறுநாள் ஆண் மறுத்துவிட்டால் பெண்ணால் நிரூபிக்க முடியாது. 1544-இன் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பிறகு கடிதம் எழுதினார். அந்த நாளில் ரோமிலேயே குருவும் சாட்சிகளும் கட்டாயமாகியிருக்கவில்லை. 1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் ‘தமெத்ஸி’ என்ற ஆணையில் அதைக் கொண்டுவந்தது. அதுவும் எந்தப் பங்கில் அறிவிக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் செல்லும். லத்தீன் திருச்சபை முழுவதற்கும் பொதுவான விதி வந்தது 1908-இல்தான்.

குரு, இரண்டு சாட்சிகள் என்ற இந்த ஏற்பாட்டுக்குச் ‘சட்ட வடிவம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சாட்சிகள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. நடப்பதைப் புரிந்துகொண்டு பிறகு சொல்லத் தெரிந்திருந்தால் சரி, வீடியோக்காரரே போதும். குருவைப் பற்றிய விதிதான் கூர்மையானது. ஒரு பங்குத்தந்தையின் திருமண அதிகாரம் அவருடைய பங்கின் எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பால் போய்த் தன் அதிகாரத்தில் அவர் நடத்தும் திருமணம் செல்லாது.

குமரி மாவட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு சாமியார் இருப்பது சாதாரணம். வெளிநாட்டில் பணிபுரியும் சித்தப்பாச் சாமியார் அண்ணன் மகளின் கல்யாணத்தை நடத்தி வைக்க விமானம் ஏறி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு அந்த அதிகாரத்தை வெளிப்படையாக ஒப்படைக்காவிட்டால், அவர் எத்தனை பட்டம் பெற்றவராக இருந்தாலும் திருமணம் செல்லாது. வேறு மறைமாவட்டத்து ஆயர் வந்தாலும் இதே கதைதான்.

அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடு கூடியிருந்தும் ஓர் அனுமதி விட்டுப்போனதால் எல்லாம் வீணாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று ஊரே நம்புவதற்கு உண்மையான காரணம் இருந்தால், இல்லாத அதிகாரத்தைத் திருச்சபையே அந்த நொடியில் கொடுத்துவிடுகிறது. குருவே கிடைக்காத இடத்துக்கும் வழி உண்டு. ஒரு மாதத்துக்கு யாரும் வர வாய்ப்பில்லை என்று நியாயமாகத் தெரிந்தால், இரண்டு சாட்சிகளின் முன் இருவரும் சம்மதம் சொன்னாலே போதும்.

கருங்கல்லில் எல்லைக் கணக்கு நிலத்தோடு முடிவதில்லை. லத்தீன் பங்குத்தந்தை தன் பங்கின் எல்லைக்குள், தன் சொந்தக் கோயிலில் நின்றபடி இரண்டு மலங்கரைக் கத்தோலிக்கருக்குத் திருமணம் நடத்தினால், தனி அதிகாரம் பெற்றிருந்தாலொழிய, அது செல்லாது. இருவரில் ஒருவராவது லத்தீன் முறையினராக இருக்க வேண்டும். யார் எந்த முறையினர் என்பதை எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று பார்த்து முடிவுசெய்யவும் முடியாது. குழந்தைக்குப் பொதுவாகத் தகப்பனின் திருச்சபையே வரும். பெற்றோர் ஒத்துப்போனால் வேறு ஏற்பாடும் நடக்கும். பக்கத்தில் இருக்கிறதே என்று முப்பது வருடம் லத்தீன் கோயிலில் பூசை கண்ட மலங்கரைக் குடும்பம் இன்றும் மலங்கரைக் குடும்பம்தான். இது தெரியாமலே கல்யாணத் தேதி குறிப்பவர்கள் உண்டு.

முதலில் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். லத்தீன் மரபில் திருமணம் என்ற அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்களே. முன்னால் நிற்கும் குரு திருச்சபையின் சார்பில் சம்மதத்தைக் கேட்டுப் பெறுபவர். சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு முதன்மைச் சாட்சி. அதனால் குருப்பட்டத்துக்கு முந்தைய படியில் இருக்கும் திருத்தொண்டரும் அனுமதி பெற்று அதைச் செய்யலாம். கீழை மரபிலோ குருவின் ஆசி திருமணத்தின் உறுப்பு. அது இல்லாமல் செல்லாது. திருத்தொண்டரின் ஆசி போதாது. சரி, லத்தீன் மாப்பிள்ளையும் மலங்கரைப் பெண்ணும் என்றால்? இந்தச் சிக்கலைத் தீர்க்க 2016 மே 31 அன்று போப் பிரான்சிஸ் லத்தீன் நூலையே திருத்தினார். இருவரில் ஒருவர் கீழைத் திருச்சபையினராக இருந்தாலும் இனி குருதான் நடத்த வேண்டும். உலகின் பல மூலைகளில் இந்தத் திருத்தத்துக்கு வேலையே இருக்காது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் அது அன்றாடக் காரியம்.

தாலிக்கு இந்தக் கதையில் சட்ட இடம் இல்லாவிட்டாலும் சரித்திர இடம் உண்டு. 1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் 108 இழை மஞ்சள் கயிற்றையும் கிறிஸ்தவர்களுக்குத் தடை செய்தது. தாலி என்ற வழக்கத்தை அந்த ஆணையாலும் அகற்ற முடியவில்லை. தாலியில் சிலுவையும் புறாவும் ஏறின.

அடுத்த வாசல், தடைகள். சம்மதமும் சடங்கும் சரியாக இருந்தாலும் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்கள் லத்தீன் நூலில் 12 இருக்கின்றன. வயது, ஏற்கெனவே உள்ள திருமணப் பிணைப்பு, குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு, பெண்ணைக் கடத்திவந்து வைத்திருப்பது, மணந்துகொள்வதற்காகவே துணையைக் கொலை செய்வது என்று பட்டியல் போகிறது. வயது விதி ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 என்று பழைய காலத்து எண்ணிலேயே நிற்கிறது. ஆனால் நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்தக்கூடாது என்ற இன்னொரு விதி இருப்பதால், இங்கே 21-ம் 18-மே நடைமுறை.

தமிழ்க் குடும்பங்களுக்கு நெருக்கமான தடை ரத்த உறவு. கணக்கு இப்படி: ஒருவரிலிருந்து பொது முன்னோர் வரை ஏறி, மறுபக்கம் இறங்கும் படிகளை எண்ண வேண்டும். நான், அம்மா, தாத்தா, மாமா, மாமா மகள். நடுவில் நான்கு படிகள். நான்காவது படிவரை தடை. ஆகவே முறைப்பெண்ணைக் கட்ட ஆயரின் தடைவிலக்கு, அதாவது குறிப்பிட்ட நபருக்காக விதியைத் தளர்த்தும் ஆணை, வேண்டும். தாய்மாமனே அக்காள் மகளைக் கட்டினால் மூன்று படி. விலக்குக்குக் காரணம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு எந்த நாளும் விலக்கு கிடையாது. இந்தப் படிக்கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெரியப்பா மகளும் நான்கு படிதான். நமக்கு மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை. பெரியப்பா மகள் தங்கச்சி, அந்தப் பேச்சே கூடாது. ரோமின் கணக்குக்கு அந்த வேறுபாடே தெரியாது.

இப்போதைய விதி மிகவும் இளகியது. 1215-க்கு முன் பொது முன்னோரிலிருந்து ஏழு தலைமுறைவரை தடை இருந்தது. ஏழு தலைமுறை மேலே போனால் ஒவ்வொருவருக்கும் 128 முன்னோர்கள். அவர்கள் அனைவரின் வழித்தோன்றல்களையும் விலக்கினால் ஒரு கிராமத்தில் கட்டிக்கொள்ள யார் மிஞ்சுவார்? அந்த ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஏழை நான்கு தலைமுறையாகக் குறைத்தது. 1917-இல் அது மூன்றானது. 1983-இல் இன்றைய அளவு வந்தது.

மனைவி இறந்த பின் கொழுந்தியாளைக் கட்டுவது நம் பக்கத்தில் புதிதல்ல. லத்தீன் முறையில் இப்போது அதற்குத் தடையே இல்லை. சீரோ மலங்கரையிலும் மலபாரிலும் தடை உண்டு. விலக்கு வாங்க வேண்டும். ஞானப்பெற்றோர் விஷயமும் அப்படியே. குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் பிறகு அந்தக் குழந்தையின் விதவைத் தாயை மணக்க விரும்பினால் லத்தீன் நூலுக்கு ஆட்சேபம் இல்லை. கீழை நூலுக்கு உண்டு.

இனி கருங்கல்லில் நிஜமாகவே அடிக்கடி எழும் கேள்வி: துணைவர் சி.எஸ்.ஐ. சபையினர் அல்லது இந்து என்றால்? இங்கே ‘செல்லுபடி’, ‘முறைமை’ என்ற இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில விதிகளை மீறினால் திருமணமே இல்லை. சிலவற்றை மீறினால் தவறுதான், ஆனாலும் திருமணம் நிற்கும். சி.எஸ்.ஐ. துணைவர் ஞானஸ்நானம் பெற்றவர். ஆயரின் அனுமதி வாங்கத் தவறினாலும், கத்தோலிக்கச் சட்ட வடிவத்தில் நடந்த திருமணம் செல்லும். இந்துத் துணைவர் என்றால் தடைவிலக்கு இன்றிச் செல்லாது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும், அதாவது திருமணத்தைக் கோயிலில் முன்னறிவிக்கும், வழக்கம் முறைமையைச் சேர்ந்தது. அது விட்டுப்போனால் திருமணம் முறியாது.

சி.எஸ்.ஐ. ஆலயத்தில் இரண்டு சி.எஸ்.ஐ.காரர்கள் மணந்தால் கத்தோலிக்கச் சட்டம் அதைச் செல்லுபடியான திருமணமாக, அருட்சாதனமாகவே ஏற்கிறது. அதே ஆலயத்தில், அதே போதகர் முன்னிலையில், ஒரு கத்தோலிக்கர் ஆயரின் விலக்கு வாங்காமல் மணந்தால் அது செல்லாது. சட்ட வடிவம் கத்தோலிக்கரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மற்றவர்களுக்கு அது தேவையில்லை. இரண்டு இந்துக்களின் திருமணமும் அதே காரணத்தால் செல்லும்.

இதற்கு உதாரணம் நட்டாலத்தில் இருக்கிறது, கருங்கல்லுக்குப் பக்கம்தான். 1712-இல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை, பார்கவி அம்மாளை மணந்து வாழ்ந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். இப்படிப்பட்ட தம்பதிக்கு மறுபடி கல்யாணம் தேவையில்லை. இருவரும் ஞானஸ்நானம் பெற்ற அந்த நிலையிலேயே பழைய திருமணம் அருட்சாதனமாகிவிடுகிறது. 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த அவரை 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இத்தனை தடைகளையும் யார் சரிபார்ப்பது? வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அங்கே ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்திருந்தால் இங்கே எப்படித் தெரியும்? இதற்குத் திருச்சபை கணினி வருமுன்பே ஒரு வழி கண்டது. ஒருவர் எங்கே மணந்தாலும் அந்தப் பங்கிலிருந்து அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அது குறிக்கப்படும். பிறகு அவர் எந்த நாட்டில் மணக்க நினைத்தாலும் அந்தப் பதிவேட்டிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்பார்கள். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்த பழைய ஞானஸ்நானச் சான்றிதழை அலுவலகத்தில் திருப்பித் தருவது அதனால்தான்.

லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்குச் சட்டத்தில் விசித்திரமான கதவு ஒன்றும் உண்டு. முறையாக எழுதிக் கையெழுத்திட்ட அதிகாரத்தோடு பிரதிநிதி ஒருவர் அவர் இடத்தில் நின்று சம்மதம் சொல்லலாம். வீடியோ அழைப்பு போதாது. ஆளோ பிரதிநிதியோ நேரில் இருக்க வேண்டும். பிரதிநிதி வாய் திறக்குமுன் மாப்பிள்ளை மனம் மாறி அதிகாரத்தை ரத்து செய்திருந்தால், அது யாருக்கும் தெரியாமலிருந்தாலும் திருமணம் இல்லை. கீழை நூல் இந்தக் கதவைப் பெரும்பாலும் மூடிவைத்திருக்கிறது.

பதிவேட்டால் பார்க்க முடியாதது மனம். வாய் சம்மதம் சொல்ல, உள்ளே வேறொன்று இருந்தால்? கட்டாயத்தால், அச்சத்தால் வந்த சம்மதம் சம்மதமல்ல. ‘நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷம் குடிப்பேன்’ என்று தாய் மிரட்டி, வேறு வழியின்றி மகள் தலையாட்டியிருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாக வாய்ப்புண்டு. ஏமாற்றும் சேரும். பிள்ளைப்பேறு இல்லாமை தன்னளவில் தடையல்ல. ஆனால் அது தெரிந்தும் சம்மதம் வாங்குவதற்காக மறைத்தால் திருமணம் செல்லாது. எதிர்காலத்தைப் பற்றிய நிபந்தனையும் அப்படியே. பேசிய நகையில் பாக்கியை ஆறு மாதத்தில் தந்தால்தான் இவள் என் மனைவி என்று ஒருவன் உண்மையிலேயே மனதில் வைத்துச் சம்மதம் சொன்னால், அவன் செய்தது கல்யாணமே அல்ல. வரதட்சணைக்குப் பேர்போன மாவட்டத்தில் இந்த விதியைக் கோயில் வாசலில் எழுதி வைக்கலாம்.

ஆனாலும் நிரூபிக்க வேண்டுமே. நடந்துவிட்ட திருமணம் செல்லும் என்பதுதான் சட்டத்தின் தொடக்க அனுமானம். திருச்சபை நீதிமன்றத்தில் ‘பிணைப்புக் காப்பாளர்’ என்று ஒருவர் இருப்பார். கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து ‘இது திருமணமே இல்லை’ என்று சொன்னாலும், திருமணத்தின் பக்கம் நின்று வாதாடுவது அவர் கடமை. போப் பதினான்காம் பெனடிக்ட் 1741-இல் இந்தப் பதவியை உண்டாக்கி, இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொன்னால்தான் மறுமணம் செய்யலாம் என்றும் வைத்தார். இரண்டாவது தீர்ப்பின் கட்டாயம் 2015-இல் நீங்கியது. காப்பாளர் இன்னும் இருக்கிறார். அங்கே கிடைப்பது விவாகரத்து அல்ல, தொடக்கத்திலிருந்தே திருமணம் இல்லை என்ற அறிவிப்பு. பிள்ளைகளுக்குக் கவலையில்லை: பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால் அவர்கள் முறையான பிள்ளைகளே.

அரசாங்கத்தின் கணக்கு வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் முதல் பிரிவு, 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த நிலத்தை வெளியே நிறுத்தியது. கருங்கல் அந்த நிலத்தில் இருந்த ஊர். இன்று தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். திருச்சபை நீதிமன்றம் ‘திருமணம் இல்லை’ என்று சொன்னாலும் நாட்டின் சட்டத்தில் திருமணம் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நீதிமன்ற விவாகரத்து வாங்கியவருக்கும் கோயில் கதவு தானாகத் திறப்பதில்லை.

சட்டத்தின் மிகப் பெரிய வித்தையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தடைவிலக்கு ஒன்று விட்டுப்போனதால் இருபது வருடமாகச் சேர்ந்து வாழும் ஒரு தம்பதியின் திருமணம் செல்லாது என்று இன்று தெரியவருகிறது. மறுபடி பலிபீடத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. ‘வேரிலேயே குணமாக்கல்’ என்ற ஆணையை ஆயர் தரலாம். அது பின்னோக்கி வேலை செய்யும். இருபது வருடமும் முதல் நாளிலிருந்தே திருமணமாக இருந்ததாகக் கணக்கு. கனமான காரணம் இருந்தால் அந்தத் தம்பதிக்கே தெரியாமல்கூட இதைக் கொடுக்கலாம். முதல் நாள் சொன்ன சம்மதம் இன்றும் உயிரோடிருப்பதுதான் முக்கிய நிபந்தனை. தொடக்கத்தில் சம்மதமே இல்லாமல் பிறகு வந்திருந்தால், அது வந்த நாள்வரைதான் ஆணை பின்னால் போகும். அதற்கு ஒரு நாள் முன்னால்கூடப் போகாது.